திரோம்சோவா, டுனிடினா, பீட்டர்பரோவா: பழங்குடி ஆய்வியல் படிக்க எங்கே போகலாம்?

பழங்குடி ஆய்வியலில் மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைப்பவர்கள் பெரும்பாலும் உலகத் தரவரிசையைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: யார் மண்ணில் உட்கார்ந்து படிக்கப் போகிறீர்கள், எந்த மக்களைப் பற்றி எழுதப் போகிறீர்கள்?

நீலகிரியின் தோடரையோ நம்மூர் இருளரையோ பற்றி எழுதத்தான் ஆசை என்றால், என் ஓட்டு நார்வேயின் திரோம்சோ பல்கலைக்கழகத்துக்கு. அங்கே 2 வருட முதுகலை, முழுக்க ஆங்கிலத்தில். வட நார்வேயின் பழங்குடிகளான சாமி (Sámi) மக்களோடு நிறுத்திக்கொள்ளாமல் உலகப் பழங்குடிகளை ஒப்பிட்டுப் படிக்கும் பாடத்திட்டம் அது. சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து கள ஆய்வு செய்து ஆய்வேடு எழுதியவர்கள் நிறையப் பேர். சட்டமும் கண்முன்னே நடக்கும். நடு நார்வேயின் ஃபோசெனில் துருவ மான் மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகளை நிறுத்தினார்கள். அது சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, உரிமம் செல்லாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதன் பிறகும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. தீர்ப்புக்கும் நிலத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் ‘நார்வேயில் படிப்பு இலவசம்’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நம்பாதீர்கள். 2023 இலையுதிர் பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். அப்புறம் இருட்டு: நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. வெயிலில் வளர்ந்த நமக்கு அது சின்ன விஷயமில்லை.

முனைவர் பட்டம்தான் குறி என்றால் நியூசிலாந்து. அங்கே வெளிநாட்டு முனைவர் மாணவருக்கும் உள்நாட்டு மாணவருக்கும் ஒரே கட்டணம். முதுகலைக்கு இந்தச் சலுகை கிடையாது, முழு வெளிநாட்டுக் கட்டணம். டுனிடினில் உள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தில் மாவோரி (நியூசிலாந்தின் பழங்குடி மக்கள்), பசிபிக், பழங்குடி ஆய்வுக்கென்றே தே டுமு என்ற தனித் துறை இருக்கிறது. ஆய்வேட்டை மாவோரி மொழியிலேயே எழுதிக் கொடுக்கலாம். 1987-இல் ஆட்சிமொழியான மொழி அது. கற்றுக்கொள்ளாமல் அங்கே ஆராய்ச்சி செய்வது அரைக்கிணறு தாண்டுவதுதான். மாவோரி முறைப்படி அறிமுகம் செய்துகொள்ளும்போது பெயருக்கு முன்பே தங்கள் மலையையும் ஆற்றையும் சொல்வார்கள். ‘பெபெஹா’ என்று பெயர். உங்கள் முறை வரும்போது தாமிரபரணி என்றோ பாலாறு என்றோ சொல்லிப் பாருங்கள், அந்த ஆற்றைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

கனடாவில் பீட்டர்பரோவின் ட்ரென்ட் பல்கலைக்கழகம் 1969-லேயே இத்துறையைத் தொடங்கியது. 1999 முதல் முனைவர் பட்டமும் உண்டு. சமூகப் பெரியவர்களிடமிருந்து கற்பதும் அங்கே படிப்பின் ஒரு பகுதி. அந்த அனுபவத்துக்காகவே போகலாம். ஆனால் படிப்பு அனுமதிக்குக் கையில் காட்ட வேண்டிய பணம்தான் இடிக்கிறது: படிப்புக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 2024-இல் 20,635 கனடா டாலர் கேட்டார்கள், பிறகு அதையும் ஏற்றினார்கள். உதவித்தொகை உறுதியாகாமல் இதில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்த ஊரானாலும் சரி, விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் அங்குள்ள பேராசிரியர் ஒருவருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தச் சமூகம், அவர்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டீர்களா, எழுதி முடித்தது அவர்கள் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.