85 எம்எம் லென்ஸும் வளையலில் வரும் ஊதாவும்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, பரதநாட்டிய அரங்கேற்றம், ஸ்கூல் ஆண்டு விழான்னு எடுத்துட்டு இருக்கறனுங்க. பழைய 85 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் ஒண்ணு சல்லிசா வருது. வாங்கலாங்களா?"

கேள்வி நியாயமானதுதான். எல்லோரும் புதுவகை மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவதால் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் செகண்ட்ஸில் நன்றாகவே விலை இறங்கிவிட்டன. அந்த இனத்து லென்ஸ் ஒன்று என் பையிலும் வருஷக்கணக்காக இருக்கிறது. கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். மின்னுகிற விளிம்பில் ஊதா கசிகிற குணம் ஃபிலிம் காலத்தில் வடிவமைத்த 85-கள் பலவற்றுக்கும் உண்டு.

ஈரோடு, பெருந்துறைப் பக்கம் அரங்கேற்றம் என்றால் பெரும்பாலும் கல்யாண மண்டபம்தான். கோவை ஆர்.எஸ்.புரம் பாரதிய வித்யா பவன் போன்ற அரங்கம் எல்லோருக்கும் வாய்க்காது. மண்டப மேடையில் மேலே நாலு ட்யூப்லைட், ஓரத்தில் வாடகைக்கு வந்த எல்இடி பார் லைட், அவ்வளவுதான். ஃபிளாஷ் அடித்தால் நட்டுவாங்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீச்சர் அங்கிருந்தே முறைப்பார். தீர்மானம் என்கிற வேகமான ஜதிப் பகுதி ஆடும்போது கையும் காலும் படத்தில் உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/250 நொடி வேண்டும், குதிக்கும்போது 1/500. எஃப் எண் சின்னதானால் லென்ஸின் வாய் (அபெர்ச்சர்) பெரிது, வெளிச்சம் அதிகம்; வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ என்கிற உணர்திறனை ஏற்றவேண்டும், படத்தில் புள்ளி விழும். எஃப்/1.8-இல் ஐஎஸ்ஓ 1600 போதும் என்கிற இடத்தில், கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 55 எம்எம் முனை எஃப்/5.6-இல் நிற்பதால் ஐஎஸ்ஓ 16000 பக்கம் போகவேண்டும். கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள். அது நம் கை நடுக்கத்துக்குத்தான் மருந்து, ஆடுகிற பெண்ணின் கைக்கு அல்ல.

இந்த இடத்தில் 85-ஐ அடிக்க ஆள் இல்லை. ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும். எடை அரைக் கிலோகூட இல்லை, 70-200 எஃப்/2.8 ஜூம் ஒன்றரைக் கிலோ. வர்ணம் முடிவதற்குள் தோள்பட்டை எதைச் சொல்லும் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும்.

இனி அந்த ஊதா. பதத்துக்கு அபிநயம் பிடிக்கும் பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்து எஃப்/1.8-இல் எடுங்கள். கண் ஊசி மாதிரி இருக்கும். முன்னால் நீட்டிய கையில் வளையலின் விளிம்பெல்லாம் ஊதா. தலைக்குப் பின்னால் ஜடையில் சுற்றிய மல்லிகைப் பூவின் ஓரத்தில் லேசான பச்சை. எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியாததால் ஃபோகஸுக்கு முன்னால் இருப்பது ஊதாவாகவும் பின்னால் இருப்பது பச்சையாகவும் கசிகிறது. பரதநாட்டியத்தில் இது வெளியே தெரியாமல் எங்கே ஒளிவது? நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ஒட்டியாணம், ஜரிகை என்று உச்சந்தலை முதல் சலங்கை வரை மின்னுகிற சாமான்தான். ஒரு அம்மா மொபைலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாங்க போட்டுவிட்டது தங்கக் கலர் வளையலுங்களே?" என்று கேட்டார். அவருக்கு ஒளியியல் பாடமா எடுப்பது?

சாஃப்ட்வேரில் ஊதாவைத் துடைக்கலாம். துடைத்தேன். அந்தப் பெண் கட்டியிருந்தது கத்தரிப்பூக் கலர் பட்டு. வளையலின் ஊதாவோடு விசிறி மடிப்பின் ஓரமும் சேர்ந்து சாம்பல் பூத்துவிட்டது. அப்புறம் பிரஷை எடுத்து ஒவ்வொரு வளையலாகத் தனியே துடைக்கவேண்டியதாயிற்று. ஆல்பம் முழுக்க.

அபெர்ச்சரைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பது உண்மைதான். எஃப்/2.8-இல் பெருமளவு அடங்கும். ஆனால் எஃப்/1.8-இல் வந்த வெளிச்சத்தில் நாற்பது சதவீதம்தான் அங்கே மிஞ்சும். 1600 இருந்த ஐஎஸ்ஓ 4000-க்கு ஏறும். எஃப்/2.8-இலேயே எடுப்பதென்றால் 1.8-க்கு எதற்குக் காசு? நான் எஃப்/2.2-இல் நிற்கிறேன். பாதி நிம்மதி.

கிராப் சென்சார், அதாவது சின்ன சென்சார் உள்ள கேமராவில் இது ஏறக்குறைய 130 எம்எம் பார்வை தரும் என்பதையும் மறக்கவேண்டாம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் பாதம் வெட்டுப்படும். அரைமண்டியில் பாதம் இல்லாத படத்தை எந்த டீச்சரும் வாங்கமாட்டார். பின்னால் நகருங்கள். வள்ளி கும்மிக்கு இந்த லென்ஸை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். ஒரே நிறச் சேலையில் வட்டம் கட்டி ஆடுகிற கூட்டத்தில் ஒரு முகம்தான் அகப்படும். அதற்கு 24 அல்லது 35 எம்எம். எல்இடி லைட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதற்கு எந்த லென்ஸும் பொறுப்பல்ல, ஆட்டம் அசையாமல் நிற்கிற நொடிகளில் ஷட்டரை 1/100-க்கு இறக்கிப் பாருங்கள்.

ஆக, வெளிச்சத்துக்கு இது, வேகத்துக்கு இது, எடைக்கு இது, விலைக்கும் இதுதான். இருந்தாலும் தம்பிக்கு வாங்கவேண்டாம் என்றே எழுதினேன். அந்த வளையல்களைத் துடைத்த எரிச்சல் இன்னும் போகவில்லை. காசு சேர்த்து 2016-இல் வந்த டாம்ரான் 85 எஃப்/1.8 செகண்ட்ஸில் கிடைக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நிறக் கசிவு அதில் நன்றாகவே கட்டுப்பட்டிருக்கும், ஸ்டெபிலைசரும் உண்டு. "அப்ப உங்களுத நீங்க குடுத்துருவீங்களாண்ணா?" என்று பதில் வந்தது. வருகிற ஞாயிறு தாராபுரத்தில் ஒரு சலங்கை பூஜை ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதுவும் மண்டபம்தான். அவருக்கு இன்னும் பதில் போடவில்லை.