உப்புத் தண்ணீர் ஊரில் துணிக்குக் கண்டிஷனரா, வினிகரா, வெறும் அலசலா?

தர்மபுரி பக்கம் போர் தண்ணீரில் துவைத்துக் கொடியில் காயப்போட்ட டர்க்கி டவலை மாலையில் எடுத்துப் பாருங்கள், மடிக்கவே வராது, அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். இதற்கு மளிகைக் கடையில் தொங்கும் கண்டிஷனர் சாஷேதான் தீர்வு என்று விளம்பரம் சொல்கிறது. வினிகர் ஊற்றினால் போதும் என்று ஒரு கட்சி. ஒன்றும் வேண்டாம், ஒழுங்காக அலசிக் காயப்போடு என்று வீட்டுப் பெரியவர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலியஸ்டர் துணிக்குக் கண்டிஷனர் நல்லது. பருத்தி உடைக்கு எப்போதாவது போடலாம். துண்டுக்குப் போடவே கூடாது. எல்லாத் துணியையும் ஒன்றாக மெஷினில் போட்டு ஒவ்வொரு முறையும் ஒரு மூடி ஊற்றுவது காசுக்கும் கேடு, துண்டுக்கும் கேடு.

முதலில் தண்ணீர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீர் என்றால் ஃப்ளோரைடு பேச்சுதான் முதலில் வரும். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டதும் அதற்காகத்தான். ஆனால் ஃப்ளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும்தான் வில்லன், துணிக்கு இல்லை. துணியை விறைக்க வைப்பதில் கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும்தான் பங்கு. நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கடினத்தன்மைதான். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, ஐ.எஸ். 10500, இதை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் போர் தண்ணீரைவிட மென்மையானது. ஆனால் அதைக் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்கிறோம், துணிக்கு யார் ஊற்றுவார்கள்?

வீட்டில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் பால்போலக் கலங்கி, மேலே திரி திரியாக மிதந்தால் தண்ணீர் கடினமானது. டிடர்ஜென்ட் பவுடரில் இந்தச் சோதனை பலிக்காது. அது கடினத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும்.

அப்புறம் பவுடரின் பங்கு. மலிவான துணிப் பவுடர்களில் சலவை சோடா நிறைய இருக்கும். அது தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் பொடியாகத் துணியிலேயே படியும். கறுப்பு பேன்ட்டில் காய்ந்த பிறகு தெரியும் வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் இதுதான். கல்லில் அடித்துத் துவைக்கிற வீட்டில் பார் சோப்பும் சேர்கிறது. பல டிடர்ஜென்ட் பார்களில் எடைக்காகவே களிமண், சுண்ணாம்புத் தூள் வகையறா கலந்திருக்கும். ஒரே வாளித் தண்ணீரில் பத்துத் துணியை முக்கி எடுத்தால் அது எங்கே போகும்? துணியில்தான் தங்கும்.

சரி, நல்ல தண்ணீரில் துவைத்தால் விறைக்காதா? பருத்தி அப்போதும் கொஞ்சம் விறைக்கும். ஜப்பானின் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு காரணம் கிடைத்தது. காய்ந்த பருத்தியிலும் இழையின் மேற்பரப்பில் சிறிதளவு நீர் ஒட்டியே இருக்கிறது. அது பசைபோல ஓர் இழையைப் பக்கத்து இழையோடு பிடித்து வைக்கிறது. அதனால்தான் விறைத்த துண்டைக் கையால் நாலு முறை கசக்கினாலே இளகிவிடுகிறது. காற்று வீசும் மொட்டை மாடியில் ஆடிக்கொண்டே காய்ந்த துணி, காற்றே இல்லாத முற்றத்தில் அசையாமல் காய்ந்ததைவிட மென்மையாக இருப்பதும் இதனால்தான்.

கண்டிஷனர் என்ன செய்கிறது

கண்டிஷனர் அழுக்கை எடுக்காது. மாம்பழ சீசனில் பிள்ளைகள் சட்டையில் ஏறும் சாற்றுக் கறைக்கு அதை ஊற்றிப் பயனில்லை. அதிலிருப்பது நேர்மின்னூட்டம் கொண்ட, கொழுப்பு வால் உள்ள ஒரு வேதிப்பொருள். ஈரத் துணியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் இது போய் ஒட்டிக்கொள்கிறது. வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்குகின்றன. கையில் மென்மை தெரிகிறது, இஸ்திரி எளிதாக ஓடுகிறது, செயற்கை இழையில் நிலைமின்சாரம் குறைகிறது. மார்கழி, தை மாதத்து வறண்ட காற்றில் பாலியஸ்டர் சேலை காலைச் சுற்றிக்கொள்வதும், பள்ளிச் சீருடையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறப்பதும் பழக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய நிம்மதி. இந்த ஒரு வேலையில் வினிகரால் கண்டிஷனரோடு போட்டி போட முடியாது.

சோப்புப் பவுடரின் மின்னூட்டம் இதற்கு நேர் எதிர். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே வீணாகிவிடும். துணியில் பிசுபிசுவென்று திட்டும் படியலாம். கடைசி அலசலில்தான் ஊற்ற வேண்டும் என்பது இதனால்தான். முழு ஆட்டோமேட்டிக் மெஷினில் பூப் படம் போட்ட தட்டில் ஊற்றினால் மெஷினே நேரம் பார்த்து எடுத்துக்கொள்ளும். நம் பக்கம் பல வீடுகளில் இருப்பது செமி ஆட்டோமேட்டிக். அதில் சோப்பு நன்றாகப் போனபின் நாமேதான் தண்ணீரில் கலந்து, துணியைச் சில நிமிடம் ஊறவைத்துப் பிழிய வேண்டும். பவுடரோடு சேர்த்து ஊற்றிவிட்டு, கண்டிஷனர் வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறைய.

குறை என்று பார்த்தால், அதே கொழுப்பு வால்தான். தொடர்ந்து போடப் போடத் துண்டு தண்ணீரை உறிஞ்சும் வேகம் குறையும். தொட்டால் பஞ்சுபோல இருக்கும், துடைத்தால் உடம்பில் ஈரம் அப்படியே நிற்கும். வியர்வையை வெளியே இழுப்பதற்காகவே நெய்த விளையாட்டு பனியன், மைக்ரோஃபைபர் துணி, குழந்தைக்குக் கட்டும் துணி, சமையலறைக் கைப்பிடித்துணி எல்லாவற்றுக்கும் இதே கதை. டர்க்கி, ஃப்லீஸ் மாதிரி பொசுபொசுவென்று முடி எழும்பிய துணிகள் கண்டிஷனர் போட்டால் சீக்கிரம் தீப்பற்றும் என்பது இன்னொரு காரணம். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களும் தோல் எளிதில் சிவக்கும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் இதைத் தவிர்ப்பதே மேல்.

வினிகர் பக்கம்

கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம். துணியில் படிந்த சுண்ணாம்பை அது கரைக்கும், மிஞ்சியிருக்கும் சோடாவையும் சமன்செய்யும். ஆக உப்புத் தண்ணீரின் உண்மையான கோளாறில் கைவைப்பது இதுதான். கண்டிஷனர் அந்தப் படிவின் மேல் மெழுகுப் பூச்சு போடுகிறது, அவ்வளவே. துண்டுக்கு நான் வினிகர் கட்சி. கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், காய்ந்ததும் வாடை போய்விடும். பவுடர் போடும்போதே ஊற்றினால் பவுடரின் வேலை கெடும்.

பட்டுபோன்ற வழுக்கலையோ மணத்தையோ வினிகர் தராது. ஒவ்வொரு முறையும் மெஷினில் ஊற்றினால் ரப்பர் பாகங்களுக்கு நல்லதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம்: வெள்ளைத் துணிக்கு பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்ட தண்ணீரில் வினிகர் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது ஆபத்து.

வெறும் அலசல்

செலவே இல்லாத வழி. பவுடரைக் குறையுங்கள், தண்ணீரை மாற்றி இன்னொரு முறை அலசுங்கள், பிழிந்ததும் பலமாக உதறிக் காற்று வரும் இடத்தில் போடுங்கள், முழுக்க முறுகும்வரை விடாமல் எடுங்கள். பாதி வித்தியாசம் இதிலேயே தெரியும். ஆனால் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இன்னொரு அலசல் என்பது எளிதான யோசனை இல்லை. அங்கே வினிகரே சிக்கனம். மழை பெய்யும்போது மாடியிலிருந்து வடியும் தண்ணீரை டிரம்மில் பிடித்துக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ள முடிந்தால் கண்டிஷனர், வினிகர் இரண்டையும் மறந்துவிடலாம்.

வெள்ளை வேட்டியும் கைத்தறிச் சேலையும் இந்தப் போட்டியிலேயே வராது. அவற்றுக்கு விறைப்புதான் அழகு. சோறு வடித்த கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ போதும் (கேழ்வரகுக் கூழ் வயிற்றுக்கு மட்டும்). கஞ்சி போட்ட துணிக்குக் கண்டிஷனரும் ஊற்றுவது ஒரு கையால் கட்டி மறு கையால் அவிழ்ப்பது.

ஓசூர் அடுக்குமாடிகளில் கேள்வி வேறு. மழை நாளிலும் குளிரிலும் துணி பால்கனியில் இரண்டு நாள் ஈரமாகவே தொங்கி மக்கல் வாடை அடிக்கிறது, கண்டிஷனர் ஊற்றினால் போகுமா என்கிறார்கள். ஈரத்தில் பெருகிய கிருமிதான் அந்த வாடைக்குக் காரணம். வாசனைத் திரவம் அதை மூடும், நீக்காது. இன்னொரு சுற்று ஸ்பின் விட்டு, துணிகளை இடைவெளி விட்டுப் போட்டு, ஃபேனைச் சுழலவிடுவது பலன் தரும். அப்படியும் வாடை போகவில்லையென்றால் மெஷினின் கண்டிஷனர் தட்டைக் கழற்றிப் பாருங்கள். பழைய கண்டிஷனர் கொழகொழவென்று படிந்து கறுப்புப் பூஞ்சை பிடித்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டிவிட்டு, அடுத்த ஈடு துணியைப் போடுங்கள்.