புதிய வேதியியல் ஆய்வகம்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

இளநிலை வேதியியல் மாணவர்களுக்கான செய்முறை வகுப்புகளை, புதிதாகக் கட்டப்பட்ட பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். திறப்பு விழாவன்று எல்லோருடைய கண்ணும் கருவி அறையின் மீதே இருந்தது. ஆனால், மாணவர்கள் வேலை செய்யும் முறையை உண்மையில் மாற்றியவை காற்று வெளியேற்றமும் தண்ணீர் வசதியும்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பழைய கூடத்தில், உப்புப் பகுப்பாய்வுக்கான ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைத் திறந்த மேசையிலேயே செலுத்துவோம். கசிந்தால் அழுகிய முட்டை நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஏறத்தாழ 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவில் அந்த வாயு மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால், மூக்கை நம்பி இருப்பது ஆபத்து. இப்போது, அமிலம் சேர்த்து அந்த வாயுவை உண்டாக்கும் கிப் உபகரணம், நச்சு வாயுவை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் என்ற கண்ணாடிக் கதவுப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் முகப்பில் காற்று நொடிக்குச் சுமார் 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே இழுக்கப்பட வேண்டும். கண்ணாடிக் கதவை முழுவதும் உயர்த்தினால் அந்த வேகம் குறைந்துவிடும். கதவின் கீழ் விளிம்பில் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறோம். அது உட்புறமாகச் சாய்ந்து படபடத்தால்தான் மாணவர்கள் அமிலத்தைத் திறப்பார்கள். அசையாமல் தொங்கினால், மாடியில் காற்றை இழுக்கும் புளோயரைப் பார்க்க உதவியாளர் போவார்.

நான்கு தசம இலக்கத் தராசுகள் நல்லவை. ஆனால் குளிர்சாதனக் காற்று நேராக வீசும் இடத்தில் அவற்றை வைத்திருந்ததால், கருங்கல் மேடை இருந்தும் கடைசி இலக்கம் நிலைகொள்ளவில்லை. மறு மூலைக்கு மாற்றிய பிறகே சரியாயிற்று.

கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலை ஒளிமானியைப் பற்றி எனக்கு இரண்டு கருத்துகள் உண்டு. சத்து மாத்திரையிலுள்ள இரும்பை ஃபினாந்த்ரோலினுடன் சேர்த்து, செம்மஞ்சள் நிறம் எழுந்ததும் 510 நானோமீட்டரில் அளந்து, புள்ளிகள் நேர்கோட்டில் அமைவதைப் பார்க்கும்போது, செறிவு கூடக் கூட ஒளி உறிஞ்சலும் அதே விகிதத்தில் கூடும் என்ற பீர்-லாம்பர்ட் விதி மாணவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. ஆனால் ஒரு பேட்ச் முழுவதற்கும் ஒரே கருவி என்பதால், பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே கழிகிறது. அந்தப் பணத்தில் எளிய கலரிமீட்டர்கள் பலவற்றை வாங்கியிருந்தால் எல்லோர் கையும் கருவியில் பட்டிருக்கும்.

எங்கள் குழாய்நீர் கடினநீர். நீரைக் காய்ச்சி வடிக்கும் வடிநீர்க் கருவியின் சூடேற்றியில் வெண்படிவு கெட்டியாகப் படிவதால் அடிக்கடி அமிலம் ஊற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. அதே நீரை, கடினத்தன்மையை அளக்கும் ஈடிடிஏ தரம்பார்த்தலுக்கு மாதிரியாகக் கொடுக்கிறேன். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்தச் சோதனையை மாணவர்கள் மிகுந்த அக்கறையோடு செய்கிறார்கள்.

கண்ணில் அமிலம் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண் கழுவும் குழாயை வாரந்தோறும் திறந்துவிடாவிட்டால் முதலில் துருநீர்தான் வரும். ஆகவே, புதிய ஆய்வகம் கட்டுவோர் இந்தக் குழாய், புளோயர், வடிநீர்க் கருவி ஆகியவற்றின் ஆண்டுப் பராமரிப்புச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேளுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.