ஷீட் வேலைக்கு ஆள்: நாள் கூலியா, சதுர அடி ரேட்டா?

பல்லடம் பக்கம் தறிக் குடோனுக்கும் கோழிப் பண்ணைக்கும் ஷீட் கூரை போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். சொந்தமாக ஆள் வைத்து நாள் கூலி கொடுப்பதா, மொத்தமாக வேலை எடுக்கும் ஆட்கள் குழுவை, அதாவது செட்டைக் கூப்பிட்டுச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி விடுவதா?

வேகத்தில் போட்டியே இல்லை. 2,000 சதுர அடி ஷெட், கூரையைத் தாங்கும் ட்ரஸ்ஸும், அதன் மேல் குறுக்கே ஓடி ஷீட்டைப் பிடிக்கும் பர்லினும் ரெடி என்றால் என் ஆட்கள் நாலு பேருக்கு மூன்று நாள் ஆகும். ரேட்டுக்கு வரும் செட் ஒன்றரை நாளில் ஏணியைக் கழற்றிவிடும். கரண்ட் போனாலும் தூறல் விழுந்தாலும் நஷ்டம் அவர்களுக்கு. எஸ்டிமேட் போடும்போதே லேபர் கணக்கு கையில் இருக்கும். நாள் கூலியில் டீக்கு இறங்கினால் அரை மணி நேரம் என் காசு.

ஆனால் கூரை ஒழுகுவது ஸ்க்ரூவில். தலைக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷர் லேசாக அமுங்கி, அந்த வாஷருக்கு மேலே உள்ள வட்டத் தகட்டின் ஓரத்தோடு நிற்க வேண்டும். ட்ரில்லை விடாமல் அழுத்தினால் ரப்பர் பிதுங்கி வெளியே வரும். வெயில் பட்டு வெடித்துப் போகும். பர்லினைத் தவறவிட்ட ஸ்க்ரூ இன்னும் மோசம்: பிடிமானமும் இல்லை, ஷீட்டில் ஓட்டையும் விழுந்தாயிற்று. ரேட்டுக்கு ஓடுகிறவர் அதைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் ஒன்றை இறக்குவார். ஓட்டையை அடைக்க நேரம் ஏது? ட்ரில் போட்ட இரும்புத் தூளைக் கூட்டித் தள்ளுவதும் கிடையாது. ராத்திரிப் பனியில் அது துருப்பிடித்து, நீல ஷீட்டில் அம்மை போட்டதுபோல் நிற்கும். பார்ட்டியோ, ‘டூப்ளிகேட் ஷீட்’ என்று என்னைத்தான் பிடிப்பார்.

காற்று விஷயம் தனி. எங்கள் பக்கம் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். கிழக்கு ஓரத்தில் தொடங்கி மேற்கே போனால்தான் ஒரு ஷீட் மேல் இன்னொன்று ஏறும் வாய் காற்றுக்கு முதுகு காட்டும். வெளியூர் செட் லாரி நின்ற பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்! கடலோர வேலைக்குப் போனால் கணக்கே வேறு. காற்று வேகத்தைக் கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர் என்று வைத்துத்தான் இன்ஜினியர்கள் டிசைன் போடுகிறார்கள். கூரையைத் தூக்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், அது ஒன்றரை மடங்கைத் தாண்டும். ஓரத்திலும் முகட்டிலும் ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லி, போடுகிறார்களா என்று நின்று பார்க்க வேண்டும்.

ஏஜென்ட் மூலம் வரும் வடமாநிலத் தொழிலாளர்கள் மூன்றாவது வழி. வேலை சுத்தம், ஹோலிக்கு ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்பதுதான் கேள்வி.

ரேட்டுக்கு விட்டால் பொறுப்பு நம்முடையது இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. பழைய ஆஸ்பெஸ்டாஸைக் கழற்றும்போது ஷீட் உடைந்து ஒருவர் உள்ளே விழுந்தால், அவர் செட்டின் ஆளாக இருந்தாலும் நஷ்டஈடு வேலை கொடுத்தவர் தலையிலும் வரும். பலகை, கயிறு, பெல்ட், இன்சூரன்ஸ் இவற்றை நான் எப்போதும் என் செலவில்தான் வைத்துக்கொள்கிறேன்.

அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிவைக்க முடியாது. தீபாவளிக்கு முன்னால் மொத்தமாக வாங்கியவர் கார்த்திகையில் வேறொரு சைட்டில் நிற்பார். இரண்டு முறை ஏமாந்தேன்.

இப்போது எனக்கு நிரந்தர ஆள் இரண்டு பேர்தான். முகட்டை மூடும் கேப், மழைத் தண்ணீர் ஓடும் கட்டர், சுவரை ஒட்டிய இடம் எல்லாம் அவர்களுக்கு நாள் கூலி. நடுப்பரப்பு முழுவதும் செட்டுக்கு, சதுர அடி ரேட். கடைசிப் பணம் மட்டும் நான் உச்சி வெயிலில் ஷெட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்த பிறகுதான். விட்டுப்போன ஓட்டையெல்லாம் அப்போது நட்சத்திரமாய்த் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் போட்டு, “முடிஞ்சுதுங்ணா, வந்து பாருங்க” என்பார்கள்.

“நாளைக்கு மத்தியானம் வர்றேன் தம்பி.”