ஃபாயில் போர்டில் ஸ்ட்ராப் வேண்டுமா? மூன்று வருடம் ஓட்டிய கதை

ராமேஸ்வரத்தில் விங் ஃபாயில் ஓட்ட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. கையில் காற்றடைத்த விங்கைப் பிடித்துக்கொண்டு, அடியில் ஃபாயில் என்ற இறக்கை பொருத்திய போர்டில் நின்று ஓட்டுவது. முதல் வருடம் போர்டின் மேல் இருக்கும் ஸ்ட்ராப்பில், அதாவது வாரில், பாதத்தை நுழைத்துத்தான் ஓட்டினேன். இரண்டாம் வருடம் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். இப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

ஸ்ட்ராப்போடு ஆரம்பித்தது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. தண்ணீருக்குள் ஓடும் ஃபாயில், விமான இறக்கை மாதிரிதான். வேகம் கூடினால் தூக்குவதும் கூடும். முன்காலை அழுத்திப் போர்டின் மூக்கை அடக்க வேண்டும். எனக்கு அரை மணி நேரத்திலேயே முன்தொடை எரிய ஆரம்பித்துவிடும். புதுசு, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஸ்ட்ராப்பைக் கழற்றிய மறுநாள்தான் விஷயம் புரிந்தது: கால் தானாக நாலு விரல்கடை முன்னால் போய் நின்றது. ஃபாயிலைப் போர்டோடு இணைக்கும் கம்பமான மாஸ்ட்டை ரொம்ப முன்னால் தள்ளி மாட்டியிருக்கிறேன்! மூன்று சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினேன், எரிச்சல் போயிற்று. ஸ்ட்ராப் காலை ஒரே இடத்தில் நிறுத்தும். அது சரியான இடமா என்று சொல்லாது.

அப்புறம் பாசி. வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் கடல்புல்லும் பாசியும் ஏராளம். ஃபாயிலில் ஒரு கொத்து சிக்கினால் போர்டு நின்றுவிடும், நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம். ஸ்ட்ராப் இல்லாவிட்டால் முன்னால் பறந்து தண்ணீரில் விழுவதோடு சரி. எனக்குப் பின்கால் மாட்டிக்கொண்டு முறுக்கியது. இரண்டு வாரம் கணுக்கால் வீக்கம். இன்னொரு தொல்லை, மண்டியிட்டுக் கிளம்பும்போது முட்டி நேராக ஸ்ட்ராப் மேலேயே போய் உட்காரும்.

அதற்காக ஸ்ட்ராப் வீண் என்று சொல்ல மாட்டேன். இங்கே வடக்கே அந்தப் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆண் கடலில் இறங்கிப் பாருங்கள். அலை முகட்டைத் தாண்டியதும் போர்டு கீழே போகும், பாதம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். திரும்ப இறங்கும்போது பழைய இடத்தில் படாவிட்டால் குளியல்தான். குதிக்க ஆசைப்பட்டால் ஸ்ட்ராப் இல்லாமல் ரொம்பக் கஷ்டம். பந்தயக்காரர்கள் கணக்கும் வேறு. 2024 ஒலிம்பிக்கில் மார்சேய் கடலில் ஃபாயில் ஓட்டியவர்கள் ஸ்ட்ராப்போடுதான் ஓட்டினார்கள். அந்த வேகத்தில் கால் நகர்ந்தால் அவ்வளவுதான்.

இப்போது பெண் கடல் என்றால் ஸ்ட்ராப்பே கிடையாது. ஆண் கடல் என்றால் முன்னால் மட்டும் ‘வி’ வடிவில் இரண்டு. எந்தக் கால் முன்னால் வந்தாலும் ஒன்று அமையும். பின்கால் சுதந்திரமாக இருக்கட்டும். முன்னதையும் இறுக்குவதில்லை, விரல்களும் அதற்குப் பின்னால் கொஞ்சமும் நுழைந்தால் போதும். ஹெல்மெட்டை இரண்டு கடலிலும் கழற்றுவதில்லை. கீழே இருக்கும் இறக்கை கத்தி மாதிரி.

ஸ்ட்ராப்பைக் கழற்றினால் திருகுகளைக் கிரீஸ் தடவி அதே ஓட்டைகளில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மணல் இறுகிவிடும். நான் சோம்பல்பட்டு விட்டதில் பின்பக்க ஓட்டை ஒன்று இன்னும் அடைத்தபடியே கிடக்கிறது.