பட்டியல் வரிகளைப் பொருத்திப் பார்க்க: ரெகெக்ஸா, சாதாரண ஸ்ட்ரிங்கா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளியை எடை போட்டுக் கொடுத்துவிடுவார், ஆட்கள் வீட்டிலேயே வேலையை முடித்துக் கொலுசாகக் கொண்டுவருவார்கள். கொடுத்த கணக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், வந்த கணக்கு இன்னொன்று. வரிக்கு ஒரு ஆள்: பேர், ஊர், எடை, நடுவில் கமா. மாதக் கடைசியில் யாரிடம் வெள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் இதை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்று ரெகெக்ஸ், அதாவது தேடும் எழுத்துகளின் அமைப்பை ஒரு பேட்டர்னாக எழுதிப் பிடிப்பது; பைத்தானில் அதற்கு ரீ (re) மாட்யூல். மற்றது சாதாரண ஸ்ட்ரிங் வழி: வரியைக் கமாவில் பிரிக்கும் ஸ்பிளிட், ஓரத்து வெற்றிடத்தை எடுக்கும் ஸ்ட்ரிப், பேர்களைச் சேர்த்து வைத்து ஒப்பிட உதவும் செட், இவை மட்டும். இப்போது பட்டறையில் ஓடுவது இரண்டாவதுதான்.

ஃபைலைத் திறப்பது இரண்டுக்கும் ஒன்றே. ஓப்பனில் என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுத்துவிடுங்கள். நோட்பேட் சில சமயம் ஃபைலின் தலையில் ஒட்டிவிடும், கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறியை அது கழற்றிவிடும், குறி இல்லாவிட்டாலும் சரியாகப் படிக்கும். வரிக் கடைசியில் நிற்கும் நியூலைனை ஸ்ட்ரிப் எடுத்துவிடும். ஒரு ஃபைலை வரிவரியாகப் படிக்கும் லூப்புக்குள் இன்னொரு ஃபைலை ஓட்டாதீர்கள். முதல் சுற்றிலேயே உள்ளே இருப்பது கடைசிவரை படித்து முடிந்துவிடும், அடுத்த சுற்றுக்கு ஒரு வரியும் கிடைக்காது. வந்த கணக்கை முதலில் ஒரு செட்டில் போட்டுக்கொள்வதே நல்லது.

ரெகெக்ஸில் முதலில் பேரை மட்டும் பிடித்தேன். எல்லாரும் எழுதுகிற மாதிரி பின்சாய்வு, டபிள்யூ, பிளஸ் (\w+), அதாவது தொடர்ந்து வரும் எழுத்துகளை ஒரு சொல்லாகப் பிடிக்கும் பேட்டர்ன். ஓட்டியதும் பாக்கி யாருமே இல்லை என்று வந்தது. எர்ரர் ஒன்றும் இல்லை. மாமாவுக்கு நிம்மதி, எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிடித்த பேர்களைப் பிரிண்ட் போட்டுப் பார்த்தால், கீதா, குமார், கௌரி மூவரும் வெறும் ‘க’. ரீ மாட்யூல் தமிழின் துணையெழுத்தையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. ‘சேலம்’ என்ற சொல்லை அதனிடம் கொடுத்தால் ‘ச’ என்றும் ‘லம’ என்றும் இரண்டு துண்டாகத் திரும்பி வரும். சொல்லின் எல்லையைக் காட்டும் பின்சாய்வு பி-யும் (\b) இதே காரணத்தால் புள்ளியில் முடியும் சொற்களில் தவறிவிடும். ஆங்கிலப் பட்டியலில் இந்தக் கோளாறு தலைகாட்டவே காட்டாது. ‘க’வில் தொடங்கும் ஒருவர் கொலுசைக் கொடுத்தாலே, ‘க’வில் தொடங்கும் பலரின் கணக்கும் நேராகிவிட்டதாக எனக்குக் காட்டியது. கூலிக் கணக்கில் இது சின்னத் தவறில்லை.

‘கமா வரும்வரை எல்லாம்’ என்று பேட்டர்னை மாற்றினால் சரியாகிறது. ஆனால் ஸ்பிளிட் செய்கிற வேலையும் அதுதானே? தனியாக இன்ஸ்டால் செய்யும் ரெகெக்ஸ் என்ற பேக்கேஜ் தமிழ்த் துணையெழுத்துகளைச் சொல்லோடு சேர்த்தே பிடிக்கிறது. நான் அதைச் சில நாள்தான் பயன்படுத்தினேன், அதனால் நீண்டநாள் அனுபவம் என்று சொல்லமாட்டேன்.

அடுத்த சிக்கலை இரண்டு வழியும் தானாகத் தீர்க்காது. கொண்டலாம்பட்டி ஆட்கள் சிலர் கொலுசைக் கொடுத்த பிறகும் பாக்கியில் நின்றார்கள். ஒரு ஃபைல் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது. அதில் ‘கொ’ என்பது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறி. மற்றதில் இரண்டே குறி. திரையில் ஒரே மாதிரி, பைத்தானுக்கு வேறு வேறு. யூனிகோடுடேட்டா மாட்யூலில் நார்மலைஸ், என்எஃப்சி (பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) என்று இரண்டு பக்கத்தையும் ஒருமுறை ஓட்டினால் சேர்ந்துவிடும். ஆனால் ‘கௌரி’யை ளகரம் போட்டு ‘கெளரி’ என்று அடித்திருந்தால் என்எஃப்சி-யாலும் முடியாது. அதற்கு ஒரு ரீப்ளேஸ் வரி நாமே எழுத வேண்டும், அதுவும் பேர் பேராக. பொதுவாக மாற்றினால் ‘கெளுத்தி’யும் கெட்டுவிடும்.

ஸ்ட்ரிங் வழியிலும் ஒரு குழி உண்டு. ‘மணி’யை இன் (in, உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது) போட்டுத் தேடினால் சுப்பிரமணியும் மணிமேகலையும் சேர்ந்தே வருவார்கள். பிரித்தெடுத்த பேரையும் ஊரையும் சேர்த்து, முழுசாக ஒப்பிட வேண்டும்.

எடைக்கு மட்டும் ரெகெக்ஸை வைத்திருக்கிறேன். ‘412.5கி’, ‘412.5 கிராம்’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், எண்ணை உருவி எடுக்க அதைப்போல் வேறில்லை. லட்சக்கணக்கான வரிகளில் எது வேகம் என்று நான் ஓட்டிப் பார்த்ததில்லை, எங்கள் ஃபைல் சில நூறு வரிதான்.

என் முடிவுக்குக் காரணம் வேகமில்லை, பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். மாமா பெண் பி.காம் படித்தவள், பைத்தான் கற்றதில்லை. ரெகெக்ஸ் வரியைக் காட்டியபோது, “அண்ணா, இது எனக்குப் புரியாது, நீங்களே பாத்துக்கோங்க” என்றாள். ஸ்பிளிட், ஸ்ட்ரிப் வரிகளை ஒருமுறைதான் விளக்கினேன். போன மாதம் புதிதாக ஒரு கௌசல்யா வேலைக்குச் சேர்ந்தார், ஃபைலில் ‘கெளசல்யா’ என்று விழுந்திருந்தது. என்னைக் கேட்காமலே அதற்கான ரீப்ளேஸ் வரியை அவளே சேர்த்துவிட்டு, கணக்கு நேரானதும் போன் பண்ணினாள்.