ஆகஸ்ட் வெயிலில் ப்ளூகில்: 3 வெயிட் ஃப்ளை ராடோடு சில கோடைகள்

ஃப்ளை ராட் என்கிற தூண்டில் கோலை வாங்குபவர்களில் பாதிப் பேர், குளிர்நீர் மீனான ட்ரவுட்டின் கனவில்தான் வாங்குகிறார்கள். டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே, ரவுண்ட் ராக், ஜார்ஜ்டவுன் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு அந்தக் கனவு சரிப்படாது. ஆகஸ்டில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தொடும். வீட்டுக்குப் பக்கத்து ஓடைகளில் அந்தச் சூட்டை ட்ரவுட் தாங்காது. தாங்குவது ப்ளூகில்லும் அதன் பங்காளிகளும்தான்: லாங்இயர், ரெட்பிரெஸ்ட், கிரீன் சன்ஃபிஷ், ரெட்இயர். எல்லாமே உள்ளங்கை அகலம், தட்டை உடம்பு, அசாத்தியக் கோபம். இவற்றுக்காகவே 3 வெயிட் ராட் ஒன்று வாங்கி, நாலைந்து கோடையாக சான் கேப்ரியல் ஆற்றிலும் ப்ரஷி க்ரீக்கிலும் வீசிக்கொண்டிருக்கிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் ஃப்ளைக்கு எடையே கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு போவது தடித்த லைன். அந்த லைனின் எடையைத்தான் 3, 5, 8 என்று எண்ணால் சொல்கிறார்கள். 5 வெயிட்டில் ப்ளூகில் பிடித்தால் தூக்கிப் போட்டதுபோல வந்துவிடும். 3 வெயிட்டில் அதே மீன் உடம்பைக் குறுக்கே திருப்பி வட்டம் போடும்போது ராட் கைப்பிடிவரை வளையும். ஊரில் தக்கையும் மண்புழுவும் போட்டு ஜிலேபி கெண்டை இழுத்தவர்களுக்கு அந்த வட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

ராட் ஏழரை அடி, நாலு துண்டு, கிராஃபைட். ராட், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த செட்டாக 150 டாலருக்குள் முடிந்தது. ராட் இன்னும் நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது கோடையில் துண்டுகள் சேரும் இடம் தளர்ந்து, வீசும்போது நுனித்துண்டு கழன்று லைனோடு பறந்தது. சாதா மெழுகுவர்த்தியை அந்த மூட்டில் தேய்த்துப் பொருத்தினேன், பிறகு தொல்லை இல்லை. ரீலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ப்ளூகில் லைனை உருவிக்கொண்டு ஓடாது, இடது கையால் இழுத்தாலே வந்துவிடும். ரீல் என்பது இங்கே லைன் சுற்றிவைக்கிற டப்பா, அவ்வளவுதான். அதில் காசைக் கொட்டாதீர்கள்.

காசு போட வேண்டியது லைனில். செட்டோடு வந்த லைன் ஒரே கோடையில் வெடிப்பு விட்டது. இந்த ஊர் ஆறுகளில் சுண்ணாம்புப் பாறைமேல் பாசி படர்ந்திருக்கும். அந்த வழுவழுப்பு லைனில் ஒட்டினால் நுனி மிதக்காமல் மூழ்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டுத் துணியால் உருவித் துடைத்தால் மறுபடி மிதக்கும். இன்னொரு எதிரி கொசு மருந்து. டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும், அதைத் தடவிய கையால் லைனைத் தொட்டால் மேல்பூச்சு பிசுபிசுத்துப் போகும். பிகாரிடின் கலந்த மருந்து இந்த வேலையைச் செய்வதில்லை, கொசுவும் அண்டுவதில்லை.

ஃப்ளை விஷயத்தில் கடைக்காரர்கள் பெரிய வாய்க்கார பாஸ் மீனை மனதில் வைத்தே பாப்பர் (தண்ணீர்மேல் மிதக்கும் ஃப்ளை) விற்கிறார்கள். ப்ளூகில்லின் வாய் சுண்டுவிரல் நுனி அளவுதான். முள் 10, 12 சைஸைவிடப் பெரிதானால் (எண் குறையக் குறைய முள் பெரிது) கொத்து மட்டும் விழும், மீன் மாட்டாது. ஃபோமில் சிலந்தி வடிவில் செய்த ஃப்ளையின் ரப்பர் கால்களைக் காரிலேயே விட்டால் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டி அறுந்துவிடும். சிலிக்கோன் கால் தாக்குப்பிடிக்கிறது.

இனி ஆகஸ்ட் காலை. இங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் எட்டிப்பார்க்கும். அதற்கு முன்பும் பின்புமாகக் கிடைக்கிற இரண்டு மணி நேரம்தான் மேல்தண்ணி ஆட்டம். மர நிழல் விழும் ஓரத்தில் பாப்பரைப் போட்டதும் வட்டமாக அலை விரியும். அது அடங்கும்வரை லைனைத் தொடக்கூடாது. அடியிலிருந்து ஒரு நிழல் மெல்ல எழும்பி வந்து, பாப்பருக்கு விரற்கடை கீழே நின்று முறைக்கும். பக்கத் துடுப்பு மட்டும் விசிறிக்கொண்டிருக்கும். அப்போது லைனை ஒரே ஒரு அங்குலம் சுண்டினால் ரப்பர் கால் லேசாக உதறும். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், பாப்பரைக் காணோம். இதைப் பார்ப்பதற்காகவே விடிகாலை எழலாம்.

ஒன்பது மணிக்கு மேலும் பாப்பரையே கட்டி அழுவது வீண். கரையோரம் கொத்திக்கொண்டே இருப்பது பொடிசுகள். பெரியது ஆழத்துக்குப் போய்விட்டது. ஏரியில் என்றால் பத்து, பதினைந்து அடி. அதற்கும் கீழே போகாது. கோடையில் ஏரித் தண்ணீர் சூடான மேலடுக்கு, குளிர்ந்த கீழடுக்கு என்று பிரிந்து, கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அந்த எல்லைக்குச் சற்று மேலேதான் மீன் நிற்கும். ஆற்றில் என்றால் பாறைக்குப் பின்னால் உள்ள மடு. 10 சைஸில் பித்தளை மணி கோத்த வுல்லி பக்கர் என்கிற, மூழ்கும் ஃப்ளை ஒன்றைப் போட்டுவிட்டு மனதுக்குள் எண்ணுங்கள். பத்து எண்ணி இழுத்துப் பாருங்கள், ஒன்றும் இல்லையென்றால் அடுத்த வீச்சில் பதினைந்து. எந்த எண்ணில் கொத்துகிறதோ அன்றைக்கு அதுதான் ஆழம். கொத்து கையில் தெரியாது. லைன் தண்ணீருக்குள் இறங்குகிற இடம் ஒரு நூல் அளவு பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான் தகவல். பெரும்பாலானோர் வெயிலேறியதும் ‘மீன் இல்லை’ என்று கிளம்பிவிடுகிறார்கள். என் கைக்கு வந்த பெரிய ப்ளூகில் எல்லாம் அதற்கப்புறம் இப்படி வந்தவைதான்.

போன கோடையில் மேட்டூரிலிருந்து வந்திருந்த மாமனார் கரையில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “தக்கையும் புழுவும் போட்டா அரை மணியில சட்டி நிறைஞ்சுருமுங்க மாப்பிள்ளை. இதுக்கு எதுக்கு இந்தச் சிலம்பாட்டம்?” என்றார். சட்டிதான் நோக்கமென்றால் அவர் சொல்வது சரி. மறுநாள் ராடை அவரே வாங்கி வீசி, பெக்கான் மரத்தில் இரண்டு பாப்பரை மாட்டிவைத்தார்.

பிடித்ததில் எது எது என்று பார்ப்பதும் ஒரு சுவாரசியம். செவுள் மூடியின் மடல் முழுக்கக் கறுப்பு, பின்முதுகுத் துடுப்பின் அடியில் கறுப்புப் புள்ளி என்றால் ப்ளூகில். மடலோரம் சிவப்பென்றால் ரெட்இயர். நீண்ட மடலைச் சுற்றி வெள்ளை விளிம்பென்றால் லாங்இயர். வாய் பெரிதாக, கன்னத்தில் நீலப்பச்சைக் கீற்று ஓடினால் கிரீன் சன்ஃபிஷ். இவ்வளவு அழகான மீன் வேறு ஊருக்குப் போனால் வில்லன். 1960-இல் அமெரிக்கா வந்திருந்த ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்கு சிகாகோ மேயர் ப்ளூகில்லைப் பரிசாகக் கொடுத்தார். அது ஜப்பான் நீர்நிலைகளில் பரவி, பீவா ஏரியின் சொந்த மீன்களுக்கே உலை வைத்தது. மீனியல் ஆராய்ச்சியாளருமான அவர், பேரரசரான பிறகு 2007-இல் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

வெயில் கால எச்சரிக்கைகள் சில. 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். திருப்பி விடப்போகிற மீனை ரொம்ப நேரம் இழுக்கடித்து, மேலே தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அது பிழைப்பது கஷ்டம். முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சின்னக் கொக்கியை நசுக்கிவிடுங்கள். கையை நனைத்து, முதுகு முட்களைத் தலைப்பக்கமிருந்து வாலை நோக்கி நீவிப் படியவைத்துப் பிடியுங்கள். மூடிய வாய்க்குள் முள் ஆழமாகப் போயிருந்தால் ஃபோர்செப்ஸ் இல்லாமல் கதை ஆகாது. நாயோடு போகிறவர்கள் பச்சைப் பாசி மிதக்கும் பக்கம் அதை இறக்கிவிடாதீர்கள். ஆஸ்டின் நகருக்குள் இருக்கும் லேடி பேர்ட் ஏரியில் 2019 கோடையில் நச்சுப் பாசியால் நாய்கள் செத்தன.

டெக்சாஸில் வழக்கமான வருட லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓடு காலாவதி. செப்டம்பர் முதல் வாரத்தில் போகிறவர்கள் பையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பூங்காக்களில் கரையிலிருந்து பிடிக்க லைசென்ஸே தேவையில்லை, புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் அங்கேயே தொடங்கலாம்.

3-ஆ 5-ஆ என்று கேட்பவர்களுக்கு: பெரிய ஏரியில், காற்றில், பாஸ் மீனும் வேண்டும் என்றால் 5 வாங்குங்கள். 3 வெயிட் எதிர்காற்றில் சுருண்டு காலடியில் விழும். ஓடையும் மர நிழலும்தான் உங்கள் இடமென்றால் 3. நான் இந்த வருடம் மாற்றப்போவது லைனை மட்டும்தான்.